கோதுமைக்குச் சர்க்கரை ஏறாதா?

"ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிட்டேனுங்க, ஆனாலும் சர்க்கரை இறங்கலே" என்று பலர் சொல்லக் கேட்கிறேன். எத்தனை சப்பாத்தி என்றால், ஆறு என்பார்கள்! அரிசியைப் போலவே கோதுமையிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான்.

அதில் இரண்டு வகை உண்டு. சுமார் முக்கால் பங்கு அமிலோபெக்டின். மரம்போலக் கிளைகிளையாக இருப்பதால் ஜீரணச் சாறு பல இடங்களில் ஒரே சமயத்தில் வெட்டி, சீக்கிரம் சர்க்கரையாக்கிவிடும். மீதி அமிலோஸ். முறுக்கின வைக்கோல் பிரி மாதிரி நெருங்கிக் கிடக்கும், மெள்ளத்தான் கரையும். ஆஸ்திரேலியாவில் அமிலோஸ் மிகுந்த கோதுமையையே உருவாக்கியிருக்கிறார்கள்.

நம் கையில் இருப்பது அரைவைதான். நைசாக அரைத்த மாவில் ஜீரணச் சாறு சட்டென்று புகும். சம்பா கோதுமையைப் பெரிய ரவையாக உடைத்தால் உள்ளே புக நேரமாகும். சர்க்கரையும் நிதானமாக ஏறும். அதையே கஞ்சியாகக் குழைய விட்டால் பாதிப் பலன் போச்சு! தட்டு நிறைய வைத்துக்கொண்டாலும் அப்படித்தான்.

மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஒரு நாள் சப்பாத்தி, மறுநாள் அளவாக ரவை உப்புமா சாப்பிட்டு, இரண்டு மணி கழித்து ரத்தப் பரிசோதனை செய்து பாருங்களேன்.