திங்கட்கிழமை நெஞ்சிறுக்கம்

செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் காலையிலேயே தூக்குவாளியோடு மில்லுக்குக் கிளம்புகிறவர்களுக்காக இன்றைக்கு ஒரு தகவல்.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அன்றிலிருந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பஞ்சுதான் சோறு போடுகிறது. அதே பஞ்சின் தூசுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. வாரமெல்லாம் வேலை பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது. ஒருநாள் லீவு எடுத்து, நன்றாக ஓய்ந்துவிட்டு மறுநாள் போனால் நெஞ்சை அடைக்கும், இருமல் வரும். அடுத்த நாள் குறைந்துவிடும். "லீவுல ஊர் சுத்துன அலுப்பு"ன்னு வீட்டில் சொல்வார்கள். அது அலுப்பு இல்லைங்க. மருத்துவத்தில் இதற்குப் பிசினோசிஸ் என்று பெயர். இங்கிலாந்தில் லங்காஷயர் மில்களில் 1950-களில் ஆராய்ந்த டாக்டர் ஷில்லிங், ஞாயிறு லீவு முடிந்து வரும் இந்தத் திங்கட்கிழமை இறுக்கத்தை வைத்தே நோயின் படிகளை வகுத்தார்.

புளோரூம், கார்டிங் பகுதிகளில்தான் தூசு அதிகம். ஆரம்பத்திலேயே தூசை விட்டு விலகினால் குணமாகும். வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னும் மோசம்.

இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. இதற்கான இ.எஸ்.ஐ. உதவி சலுகை இல்லை, உங்கள் உரிமை. லீவு முடிந்து போகும் முதல் நாள் நெஞ்சு இறுகினால், டாக்டரிடம் மில் வேலை என்பதைச் சொல்லி, மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள்.