கியர்ல நின்ன கார்

இந்த எபிசோட் காரைக்குடி வீட்ல இருந்து. நடுவுல மிக்ஸி சத்தம் கேட்டா, அது அப்பத்தா.

எங்களது பழைய செட்டிநாட்டு வீடு. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. கார் நிக்கிறது பின்னாடி, வெட்டவெளியில. சித்திரை வெயில்ல கதவைத் திறந்தா அனல் அடிக்கும். முன்வாசல்ல இருந்தே ஸ்டார்ட் பண்ணி ஏசி ஓட விட்டா என்னன்னு தோணுச்சு. ரெண்டு ஈஎஸ்பி32, ரெண்டு லோரா மாட்யூல், சில ரிலே. 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, குறிப்பிட்ட பவருக்குள்ள, இந்தியாவுல லைசென்ஸ் இல்லாமலே பயன்படுத்தலாம். புளூடூத் திணறின சுவரையெல்லாம் லோரா சாதாரணமா தாண்டிடுச்சு. சாவியில சிப் இல்லாத பழைய வண்டிங்கிறதால மத்ததும் சுலபம்.

மூணாவது நாள் காலையில பட்டனை அழுத்தினேன். அப்பா ஹேண்ட்பிரேக்கை நம்ப மாட்டார், ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுட்டுத்தான் இறங்குவார். அது எனக்குத் தெரியும். இருந்தும் யோசிக்கல. கியர்ல இருந்தா ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியைத் தள்ளிடும். ஓடிப்போய்ப் பார்த்தா, டயருக்கு அடியில வத்தல் சுளகு. அப்பத்தா கைக்கும் டயருக்கும் ஒரு சாண்.

"உள்ள ஆளே இல்லாம எப்படிடா நகருது?"

பதில் சொல்ல வாய் வரல.

லாக்கைப் பார்த்தா இன்னொரு கூத்து. கிராங்க் ஆகும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கி, போர்டு ரீசெட் ஆகியிருக்கு. ரிலேவை நான் கொடுத்திருந்தது 14-ஆம் பின்ல. ஈஎஸ்பி32 பூட் ஆகும்போது அந்தப் பின்ல தானாவே சிக்னல் வரும். அதாவது நான் கேட்காமலே அது ரிலேவைத் தட்டியிருக்கும்!

நம்ம பக்கத்து விவசாயிங்க போன்லயே பம்ப்செட்டை ஓட்டுறாங்க இல்லையா? அந்த ஸ்டார்ட்டர்கள்ல மூணு ஃபேஸ்ல ஒண்ணு இல்லைன்னா மோட்டாரை எடுக்கவே விடாத ஏற்பாடு உண்டு. நான் அந்தப் பாதியைக் கட்டவே இல்லை.

இப்போ பின்னை மாத்தி, புல்-டவுன் ரெசிஸ்டர் போட்டாச்சு. நியூட்ரல் சுவிட்ச், ஹேண்ட்பிரேக் சுவிட்ச் ரெண்டும் ரிலே காயிலோட சீரியஸ்ல இருக்கு. கோடுல இல்லை, ஒயர்ல. என் கோடு என்ன உளறினாலும் கரண்ட் போகாது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு ரகசியச் சாவியும் ஏறிக்கிட்டே போற எண்ணும் உண்டு. பழைய சிக்னலை யாராவது பதிவு பண்ணி அனுப்பினா வேலை செய்யாது. ஒண்ணு மட்டும்: மூடின ஷெட்ல இதைப் பண்ணவே பண்ணாதீங்க, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்னுடும்.

அப்பா தினமும் வேணும்னே கியர்ல போட்டுட்டு என்னை அழுத்தச் சொல்றார். இதுவரை ஒரு தடவைகூட எடுக்கல. ஆனாலும் வத்தல் காயப்போடுறதுக்கு முன்னாடி அப்பத்தா ரிமோட்டை வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிறாங்க.