கற்பித்தலால் நிறையும் கல்வி

 

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர் கண்ணிற்படுவன பயிற்சி நிலையங்களின் பெயர்ப்பலகைகள். நுழைவுத்தேர்வு, ஆங்கிலப் பேச்சு, சதுரங்கம், மட்டைப்பந்து என அவை பலவகைப்படும். தொழிற்பேட்டையில் புதிய பணியாளரைப் பழக்குவோரும், அலுவலகங்களில் தலைமைப்பண்பு பயிற்றுவோரும் பலர் உளர். பிறரை வளர்ப்பதையே தொழிலாகக் கொண்ட இவர்கள் தம்மை வளர்த்துக்கொள்வது எவ்வாறு? சமண முனிவர் ஒருவர் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை தந்துள்ளார்.

சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரே அவர். ஆசிரியர் கூறுவதை முழுமையாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்கு அறிவே என்கிறது அந்நூலின் பொதுப்பாயிரம். உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குத் தெளிவுற விரித்துரைக்கும்போதே நிறைவுறும். இதன் பொருள் ஆழமானது. பயிற்சியாளர் கற்று முடித்தவர் அல்லர். கல்வியின் பெரும்பகுதியை இனிமேல்தான் பெறவிருப்பவர். இவ்வுண்மையை உணர்ந்தவர்க்கு ஒவ்வொரு வகுப்பும் ஒரு பாடம்; உணராதவர்க்கு ஒரே பாடம் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் நிகழும்.

ஆசிரியர் ஆகாதார் இயல்பையும் பவணந்தியார் உவமைகளால் விளக்குகிறார். கழற்சிக்காய் நிறைத்த குடம், இட்ட முறையின்றிக் காய்களைக் கொட்டும்; முறையின்றிப் போதிப்பவர் அத்தகையர். மடல் கழியாத பனை தன்மேல் ஏற விடாது, தானே உதிர்த்த பழத்தையே தரும். வினவ இடந்தராதவர் அதனை ஒப்பர். பஞ்சு அடைத்த குண்டிகை கொள்ளும்போதும் கொடுக்கும்போதும் சிறிது சிறிதாகவே இயங்கும். முடத்தெங்கு, நீர் வார்த்தவனை விடுத்து அயலான் நிலத்தில் காய்களை உதிர்க்கும். பொறாமை, பேராசை, வஞ்சம் ஆகியவையும் விலக்கத்தக்கனவாகக் கூறப்பட்டுள்ளன. இவற்றுள் பயிற்சியாளரைக் கடுமையாகச் சோதிப்பது பொறாமை. மாணாக்கன் தம்மினும் உயரும் நாளில் அவர் மனம் மகிழ்கிறதா, சுருங்குகிறதா?

அம்பத்தூரை அடுத்த பாடியில் வளர்ந்தவர்கள் சதுரங்க வீரர்களான வைசாலியும் அவர்தம் இளவல் பிரக்ஞானந்தாவும். அவர்களைப் பயிற்றுவித்த இராமேசு 2002ஆம் ஆண்டு பிரித்தானியப் பட்டத்தையும், 2007ஆம் ஆண்டு பொதுநலவாய நாடுகளின் பட்டத்தையும் வென்ற கிராண்ட்மாஸ்டர். இந்தியன் ஆயில் நிறுவனப் பணியைத் துறந்து முழுநேரப் பயிற்சியாளரானார். பிரக்ஞானந்தா 2018ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் அகவையில், கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023ஆம் ஆண்டு பாகூவில் நடந்த உலகக் கோப்பையின் இறுதிச்சுற்றில் கார்ல்சனுடன் மோதி இரண்டாமிடம் பெற்றார். தரப்புள்ளியில் அவர் ஆசானை வெகுவாகக் கடந்துவிட்டார். மாணாக்கன் கடந்து செல்லுமாறு பாதை அமைப்பதே பயிற்சித் தொழிலின் நிறைவு. தன் அறிவைத் தன் உடைமையெனப் பற்றிக்கொள்ளாமை, சமணம் போற்றும் அபரிக்கிரகத்தின் ஒரு வடிவமேயாம்.

அன்றாடம் நிகழ்ந்த பிழைகளை எண்ணி வருந்தித் திருந்தும் பிரதிக்கிரமணம் சமண மரபினர் நன்கறிந்தது. பயிற்சியாளரும் நாளின் இறுதியில் தம்மை மூன்று வினாக்கள் வினவலாம். இன்று எவருடைய ஐயத்தைக் கேளாது கடந்தேன்? ஒருவன் விளங்கிக்கொள்ளாதபோது என் விளக்கத்தை மாற்றினேனா, அவனைக் குறை கூறினேனா? இன்று மாணாக்கரிடமிருந்து நான் கற்றது யாது?

பெற்றோர்க்கும் ஒரு சொல். பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வென்றவர் எத்தனை பேர் என்று மட்டும் வினவாதீர். தோற்று நிற்கும் பிள்ளையிடம் அவ்வாசான் எவ்வாறு பேசுகிறார் என்பதையும் நோக்குங்கள். நிலம்போற் பொறுமையும் துலாக்கோல்போல் நடுவுநிலைமையும் உடையவரிடமே பிள்ளைகளை ஒப்படையுங்கள்.