பதித்த பல்லும் ஈறின் காவலும்

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கும் டைட்டானியத் திருகை எலும்பு தன்னோடு இறுகச் சேர்த்துக்கொள்கிறது. சுவீடன் மருத்துவர் பிரானமார்க் 1965-ல் ஒரு மனிதருக்கு அதைப் பொருத்தி, வழி திறந்தார். எலும்பு ஏற்றுக்கொண்டது சரி, ஈறு? இயற்கைப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் குறுக்கே நுழைந்து, இறுகப் பிடித்திருக்கும். திருகை ஒட்டி அவை பெரும்பாலும் பக்கவாட்டிலேயே ஓடுகின்றன. கிருமிக்கு அது எளிய வழி. அந்த வழியில் காவல் நிற்பவை ஈறின் மேல்தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள். வந்தது பகையா, பழகிய கிருமியா என்று தற்காப்பு அணுக்களுக்கு அடையாளம் காட்டுவது இவற்றின் வேலை. டைட்டானியத்துக்கு அருகில் இந்தச் செல்கள் சரியாக முதிர்வதில்லை என்று ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளிடம் கண்டு, 2018-ல் வெளியிட்டார்கள். காவல் தளர்ந்தால் அழற்சி ஓங்கும், எலும்பு கரையும்.

எலியின் வாய் மனித வாய் அல்லவே என்பீர்கள். உண்மைதான். பதித்த பல்லோடு பல பத்தாண்டுகள் நலமாக வாழ்பவர்களும் ஏராளம். அதனால் இந்தச் சிகிச்சையே வேண்டாம் என்பது என் வாதமல்ல. உலோகத்துக்குச் சொத்தை வராது, ஆகவே கவலையில்லை என்ற எண்ணம்தான் தவறு. சொத்தை வராது, ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு உயிருள்ள திசு, அது நோய்ப்படும். புகைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். பல் பதித்தவர்களே, வலிக்கும்வரை காத்திராமல், ஈறில் இரத்தம் கசிந்தாலே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.