மூச்சை அளக்கும் கோல்

(கொல்லிமலையில் நடைபெற்ற வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் நுரையீரலைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் எண்ணக்கூடும். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து நோயாளியைக் கீழே கொண்டு செல்லும் நமக்கு மூச்சின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்மூச்சின் அளவை எதைக்கொண்டு முடிவு செய்கின்றார்கள் என்பதே என் பொருள்.

1952 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவிற்று. மூச்சுத் தசை செயலிழந்தோருக்கு, பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவரின் யோசனைப்படி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தினர். சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அமுக்கினர். நுரையீரல் விறைத்தால் பை இறுகும். கை அதனை உணரும். பின்னர் வந்த இயந்திரத்திற்கு அந்தக் கை இல்லை. இட்ட கட்டளைப்படி காற்றைத் தள்ளும். அளவு மிகுந்தால் நுரையீரலையே புண்ணாக்கும்.

அமெரிக்காவில் 861 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனை மெய்ப்பித்தது. ஒவ்வொரு மூச்சிலும் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் வீதம் பெற்றோரில் 39.8 விழுக்காட்டினர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் பெற்றோரில் 31 விழுக்காட்டினர். இங்கே கிலோ என்பது தராசு காட்டும் எடையன்று. உயரத்தைக் கொண்டு கணிப்பது. உடல் பருத்தால் நுரையீரல் பருப்பதில்லையன்றோ! நம் தாய்மார்களில் 145 சென்டிமீட்டர் உயரமுடையோர் பலர். அவர்களுக்கு ஏற்றது ஏறத்தாழ 233 மில்லிலிட்டர். யாவர்க்கும் பொதுவென 500 செலுத்தினால் அஃது இரு மடங்கிற்கும் மேல்.

ஆயினும் அந்த ஆறும் சராசரியே. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி சேஸ் என்னும் பேராசிரியரின் குழுவினர், கணிப்பொறிக்குள் நோயாளிக்கு ஒரு நிழலுரு அமைத்தனர். நம் கொல்லனின் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் எவ்வளவு விறைப்பு, குழாய் எவ்வளவு குறுகல் என்னும் இரண்டும் தெரிந்தால் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு காற்றுப் போகும் என்று சொல்லிவிடலாம். இயந்திரம் பதியும் அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் கொண்டு, அவ்விரண்டையும் மூச்சுக்கு மூச்சு கணிப்பொறி கணிக்கின்றது. அழுத்தத்தைச் சற்றே உயர்த்தினால் என்னாகும் என்று முதலில் நிழலுருவில் பார்க்கலாம்; பிறகன்றோ மெய்யான நுரையீரலுக்கு! முடிவு மருத்துவருடையதே.

எனக்கு இதில் பிடித்தது, அக்கணக்கு அந்நோயாளியின் நுரையீரலையே கேட்கின்றது என்பது. பிறப்பைக் கேட்ட காலமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் அமெரிக்க மருத்துவர், கருப்பின அடிமைகளின் நுரையீரல் 20 விழுக்காடு தாழ்ந்தது என்று கூறி, அடிமைத் தொழிலே அவர்க்கு நலம் என வாதித்தார். இனத்திற்கேற்பக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் மூச்சளவுக் கருவிகளில் நெடுங்காலம் நீடித்தது. அதனைக் கைவிடுமாறு அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் பரிந்துரைத்தது 2023 இல்தான். விரலில் மாட்டும் பிராணவாயு அளவிக்கும் இக்குறை உண்டு. வெள்ளையரைவிடக் கருப்பரிடம் அது மறைந்திருக்கும் குறைவைத் தவறவிடுவது ஏறத்தாழ மும்மடங்கு என 2020 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. தவறான எண்ணை ஊட்டினால் நிழலுருவும் தவறும். ஆதலின் அக்கருவிகளைச் செய்து சோதிக்கும் கூடங்களில் நம் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும். கணிதத்தைக் கண்டு அஞ்சிப் பத்தாம் வகுப்போடு நிற்கும் பெண்மக்களே, உங்களைத்தான் சொல்கின்றேன்.

பள்ளியிலிருந்து உயரம் அளக்கும் கோலைக் கொணர்ந்திருக்கின்றேன். கூட்டம் முடிந்ததும் வாருங்கள். 152.4 சென்டிமீட்டருக்குப் பெண்ணாயின் 45.5 கிலோ, ஆணாயின் 50. அதற்கு மேல் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கூட்டுக, குறைந்தால் கழிக்க. வருவதை ஆறால் பெருக்கி, அவரவர் மூச்சளவை அவரவரே எழுதிக்கொள்ளலாம்.