வீடற்றோரும் விருந்தினரே



திருவள்ளுவர் இல்வாழ்வார்க்குரிய அறங்களை வகுத்தபொழுது, விருந்தோம்பலை 9ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். இரண்டும் பிறர் பசியைத் தீர்ப்பனவே; எனினும் இரண்டும் ஒன்றல்ல. ஈகையிலே கொடுப்பவன் நிற்கின்றான், கொள்பவன் கைநீட்டுகின்றான், கொடுத்த அளவில் இருவரும் பிரிந்துவிடுகின்றனர். விருந்தோம்பலிலோ வந்தவன் வீட்டினுள்ளே அமர்கின்றான். அவன் பெயர் கேட்கப்படுகின்றது. ஊரும் நலமும் உசாவப்படுகின்றன. அப்படியாயின், வீடே இல்லாத ஒருவன் எதிரே வந்து நின்றால் அவன் ஈகைக்கு உரியவனா, விருந்துக்கு உரியவனா? பெரும்பாலோர் அவனை ஈகைக்கே உரியவனாகக் கொள்வர். அவனும் விருந்தினனே, நண்பனே என்று கொண்ட கிறித்தவ இளைஞர் சிலர் உரோமாபுரியிலே தோன்றினர். அவர்தம் வரலாறு சிந்தித்தற்குரியது.

1968ஆம் ஆண்டு ஐரோப்பாவெங்கும் மாணவர் கிளர்ச்சி மூண்டிருந்த காலம். உலகை மாற்றவேண்டும் என்ற முழக்கம் வீதிதோறும் எழுந்தது. அவ்வாண்டிலே, உரோமாபுரியின் உயர்தரப் பாடசாலை ஒன்றிற் பயின்றுகொண்டிருந்த அந்திரேயா றிக்கார்டி என்னும் பதினெட்டு வயது மாணவன், தன் தோழர் சிலரைக் கூட்டிச் சுவிசேஷத்தை வாசிக்கலானான். வாசித்ததை வாழ்வதெங்ஙனம் என்ற வினா அவர்களை நகரின் ஓரத்திற்கு இழுத்துச்சென்றது. அங்கே, தென்னித்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் தகரத்தாலும் பலகையாலும் குடிசையமைத்து வாழ்ந்தன. பாடசாலை முடிந்தபின் மாணவர்கள் அங்கே சென்று சிறுவர்க்கு எழுத்தறிவித்தனர். 1973இல் திறாஸ்தேவரே என்னும் பழைய பகுதியிலுள்ள சாந்த் எஜிடியோ தேவாலயம் அவர்கள் கூடும் இடமாயிற்று. அத்தேவாலயத்தின் பெயரே அவர்களின் சமூகத்துக்கும் பெயராயிற்று.

நாளடைவில் அவ்விளைஞர் மாலைவேளைகளில் தெருவோரத்திலும் புகையிரத நிலையத்திலும் படுத்துறங்குவோரைத் தேடிச்சென்றனர். கையிலே உணவுப் பொதி இருந்தது. ஆயினும் பொதியைக் கொடுத்துவிட்டு அகல்வது அவர்கள் நோக்கமன்று. அருகே நின்று பேசுதல், பெயரை அறிந்து நினைவில் வைத்தல், அடுத்த கிழமையும் தவறாது வருதல் ஆகிய இவையே அவர்கள் மேற்கொண்ட முறை. தெருவில் வாழ்பவரை நாள்தோறும் ஆயிரம்பேர் கடந்துபோவர். பெயர் சொல்லி அழைப்பவர் ஒருவரும் இரார். பசி ஒரு வேளை உணவால் தணியும். பெயரற்றுப் போதல் என்னும் துன்பம் அவ்வாறு தணிவதன்று.

இதன் கொடுமையை 1983ஆம் ஆண்டு சனவரி 31ஆந் தேதி உரோமாபுரி கண்டது. மொடெஸ்தா வலெந்தி என்னும் பெயருடைய, எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தேர்மினி என்னும் பெரிய புகையிரத நிலையத்தை அண்டி வாழ்ந்துவந்தார். அன்று அவர் நோயுற்று வீழ்ந்தார். அம்புலன்ஸ் வண்டி அழைக்கப்பட்டது, வண்டியும் வந்தது. ஆனால், உடல் அழுக்கேறியிருந்தது, பேன் பற்றியிருந்தது என்ற காரணத்தால் அவரை ஏற்றிச்செல்ல மறுத்துவிட்டனர். உதவி வருமெனக் காத்துக்கிடந்த பல மணி நேரத்தின் பின் அவர் உயிர் பிரிந்தது. வைத்தியசாலைகள் நிறைந்த தலைநகரிலே, மக்கள் திரள்திரளாய் நடமாடும் இடத்திலே இது நிகழ்ந்தது. வண்டி இல்லாமையால் அவர் இறக்கவில்லை. “இவர் எங்களவர், ஏற்றுங்கள்” என்று உரத்துச் சொல்லி நிற்க ஒருவர் இல்லாமையாலேயே இறந்தார்.

அந்த மரணத்தை இளைஞர்கள் மறக்கவில்லை. ஆண்டுதோறும் அந்நாளையொட்டித் தேவாலயத்திற் கூடி, உரோமாபுரியின் தெருக்களில் இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுகின்றனர். வீடற்ற நண்பர் பலர் அவ்வழிபாட்டில் முன்வரிசையில் அமர்கின்றனர். தாம் இறந்தாலும் தம் பெயரும் ஒருநாள் அங்கே ஒலிக்கும் என்பது அவர்களுக்கு ஓர் ஆறுதல்.

உரோமாபுரி நகரசபையும் அம்மூதாட்டியை நினைவில் வைத்தது. இத்தாலியிலே வதிவிடப் பதிவு இல்லாதவர்க்கு அடையாள அட்டை முதலிய உரிமைகள் எளிதிற் கிட்டுவதில்லை. ஆகவே, வீடற்றோரைப் பதிவுசெய்தற்பொருட்டு, தரையில் எங்கும் காணவியலாத தெரு ஒன்றைச் சபை ஏட்டில் அமைத்தது. அத்தெருவின் பெயர் மொடெஸ்தா வலெந்தி தெரு. முகவரியின்றி மாண்டவரின் பெயரே பலருக்கு முகவரியாயிற்று.

நட்பு மட்டும் குளிரைத் தடுக்குமா, கூரையாகுமா என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. வீடு அமைப்பதும் வைத்தியம் அளிப்பதும் அரசின் கடன். அதனை அன்புரைகள் ஈடுசெய்யா. ஆனால் உண்மையான நட்பு உரையோடு நிற்பதில்லை. 1982ஆம் ஆண்டு நத்தார் தினத்திலே, திறாஸ்தேவரேயின் புராதன மரியன்னை ஆலயத்தினுள்ளேயே மேசை விரித்து, ஏறக்குறைய இருபது ஏழைகளை அமர்த்தி விருந்தளித்தனர். அவ்விருந்து இன்று பல நாடுகளிற் பரந்துள்ளது. 1988இல் ஓர் உணவுச்சாலை திறந்தனர். 1990 முதல், உரோமாபுரியில் எங்கே உண்ணலாம், எங்கே உறங்கலாம், எங்கே குளிக்கலாம் என்று வழிகாட்டும் சிறு கைந்நூலை ஆண்டுதோறும் வெளியிடுகின்றனர். 2019இல், பாப்பரசர் பிரான்சிசுவின் விருப்பப்படி, புனித பேதுரு பேராலயத்தை அடுத்துள்ள மிலியோரி மாளிகை வீடற்றோர்க்குத் தங்குமிடமாயிற்று. அதனை நடத்தும் பொறுப்பும் இச்சமூகத்திடமே வந்தது.

இப்பணி இனிதே நடந்தேறுவதொன்றன்று. தெருவிலே நெடுங்காலம் வாழ்ந்தவர் எவரையும் எளிதில் நம்பார். சிலர் மதுவுக்கு அடிமைப்பட்டிருப்பர். சிலர் மனநோயால் வருந்துவர். சிலர் அன்புடன் நீட்டிய கையைச் சினந்து தட்டிவிடுவர். ஈகை செய்பவனுக்கு இவை நிறுத்திக்கொள்ளப் போதிய காரணங்கள். நண்பனுக்கோ இவை மறுநாளும் வருதற்குரிய காரணங்கள். வருவேனென்று சொல்லி வாராதிருத்தலே இங்கே பெருங்குற்றம். ஏனெனில் வாக்குத் தவறியோரை அம்மக்கள் முன்னரே பலராகக் கண்டிருக்கின்றனர்.

1968இல் உலகை மாற்றுவோமென முழங்கியோர் பலர். பதினெட்டு வயதுப் பாடசாலை மாணவர் சிலர் தொடங்கிய சமூகமோ இன்று எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளிற் பரந்து நிற்கின்றது. அதில் உள்ளோருட் பெரும்பாலோர் பகலில் தத்தம் தொழிலைப் பார்த்து, ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைக்கும் சாதாரண மக்களே. பெருஞ்செல்வம் அவர்களிடம் முதலாக இருக்கவில்லை. ஒரு பெயரைக் கேட்டறிதல், அடுத்த முறை அதே பெயரைச் சொல்லி அழைத்தல் ஆகிய இவ்விரண்டுமே முதல். இம்முதல் இல்லாத ஏழை எவருமில்லை. இதனைச் செலவிட மனமில்லாதவரே மிகப் பலர்.