வெள்ளீயம் கற்பிக்கும் பாடம்



பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1801ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளிவாசலின் பெயரைத் தாங்கி நிற்கிறது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. முன்பு அது பிட் வீதி எனப்பட்டது. அச்சாலையிலும் அதையொட்டிய தெருக்களிலும் நம்மவர் நடத்திய உணவுக்கடைகள் நெடுங்காலமாக உண்டு. பித்தளை அண்டாவின் உட்பூச்சுக்கும் சார்டின் மீன் டின்னுக்கும் பொதுவான உலோகம் ஒன்று இருக்கிறது. அதுவே வெள்ளீயம். உலோகவியல், உணவுப் பதனீடு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றையும் இந்த ஓர் உலோகம் எவ்வாறு இணைக்கிறது என்று காண்போம்.

முதலில் உலோகவியல். பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் எடுத்த தாது, பினாங்கில் டத்தோ கிராமாட் சாலை உருக்காலையிலும், எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் 1902இல் அமைந்த உருக்காலையிலும் உருக்கப்பட்டது. தாதுவில் வெள்ளீயமும் பிராணவாயுவும் கூடியிருக்கும். கரியோடு சேர்த்து 1200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், கரி பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும். வெள்ளீயம் தனியே பிரியும். இவ்வுலோகம் 232 பாகையிலேயே உருகிவிடும். ஈயச் செம்பில் ரசம் இருக்கும்வரை சூடு நீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். வெறுஞ்செம்பை அடுப்பிலேற்றினால் உருகிப்போகும்.

அடுத்து உணவு. பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், அது நஞ்சு. ஆகவே பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயம் பூசுவார்கள். நவச்சாரம் மேற்பரப்பின் மாசை நீக்குவதால் ஈயம் நன்கு ஒட்டுகிறது. டின்னிலும் இரும்புத் தகட்டைக் காப்பது இவ்வுலோகமே. காற்றுப் புகாத டின்னுக்குள் வெள்ளீயம் தான் சிறிது கரைந்து இரும்பை அரிக்கவிடாமல் தடுக்கிறது. திறந்தபின் காற்றுப் பட்டால் கரைவது விரைவாகும். மிச்ச உணவை வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஆனால், விலை மலிவு கருதி வெள்ளீயத்தில் காரீயம் கலப்பதுண்டு. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். காரீயப் பற்றவைப்புள்ள உணவு டின்களை அமெரிக்கா 1995இல் தடைசெய்தது. கலப்படம் கண்ணுக்குத் தெரியாது, ஆய்வுக்கூடமே காட்டிக்கொடுக்கும். உலோகத்தின் தூய்மை, குழந்தையின் தட்டிலே வந்து நிற்கிறது!

மூன்றாவது, சுற்றுச்சூழல். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின் பல சுரங்கங்கள் மூடப்பட்டன. எஞ்சியவை ஆழ்ந்த குட்டைகளும் சத்தற்ற மணல்வெளிகளும். இம்மணலில் எருவிட்டுப் பயிர் செய்யவும் குட்டைகளில் மீன் வளர்க்கவும் ஆய்வுகள் நடந்தன. அமாங் எனும் கழிவுத் தாதிலுள்ள மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. எனவே நிலத்தையும் நீரையும் சோதித்த பிறகே அங்கு விளைவதை உண்ணலாம்.

மண்ணிலிருந்து எடுத்தது உணவில் சேர்கிறது. மண்ணில் விட்டதும் உணவில் சேர்கிறது. தோட்டப் பள்ளியில் கற்பிக்கும் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: பூச்சுத் தேய்ந்த பித்தளையில் புளிக்குழம்பு வைக்காதீர்கள், எதைப் பூசுகிறார்கள் என்று கேட்டறியுங்கள், உப்பிய டின்னைத் திறக்காமலே எறியுங்கள். அறிவியல் ஆய்வின் பயன் அடுக்களையை எட்டும்போதுதான் நிறைவு பெறுகிறது.